கசெட் நின்ற இடம்

1

பேர்கனில் மழை என்று எழுதித் தொடங்கினால் அதில் செய்தி எதுவும் இல்லை. இங்கே மழை பெய்யாத நாளைத்தான் எழுதி அறிவிக்க வேண்டும். நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள இந்த ஊருக்கு நான் வந்து முப்பது வருடமாகிறது. அதில் இருபத்திரண்டு வருடமாக நகரப் பஸ் ஓட்டுகிறேன். கொட்டாஞ்சேனையில் பஸ் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு திரிந்தவன் இங்கே ஏறுகிற ஒவ்வொருவருக்கும் காலை வணக்கம் சொல்கிறான். யாரும் தொங்குவதில்லை. வணக்கத்துக்குப் பதில் சொல்பவர்களும் குறைவு.

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசித் தரிப்பிடத்தில் எனக்குப் பதினொரு நிமிட ஓய்வு. கைத்தொலைபேசியில் ஒரு குரல் செய்தி இருந்தது. காலமான என் நண்பன் செல்வினுடைய மகள் ஷெரின்.

“அங்கிள், அடுத்த மாசம் டடிட வருசப் பூசை. பூசை முடிய வீட்டில சின்னச் சாப்பாடு ஒன்டு வைக்கிறம். டடி எப்பவும் வாசிக்கிற அந்தச் சின்ன பீஸ் இருக்கே, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது. அதை நீங்க வந்து வாசிக்கோணும். அம்மாக்கும் ஆறுதலா இருக்கும்.”

அவள் கேட்ட அந்தச் சின்ன பீஸின் முழு நீளமும் வாசிக்கப் பத்து வினாடி போதாது. கட்டாயம் வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டு பஸ்ஸை எடுத்தேன். மூன்றாவது தரிப்பிடத்தில் கதவைத் திறந்தபோது மனதுக்குள் அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் எட்டுச் சுரமும் ஒழுங்காக வந்தன. அதற்குப் பிறகு வந்தது எங்களுடையது அல்ல. எங்களுடையது எதுவென்று யோசித்தேன். எதுவும் வரவில்லை. கதவைத் திறந்து வைத்தபடியே நான் உட்கார்ந்திருந்ததில் ஒரு பெண் முன்னால் வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள்.

2

ஜாஸ் வாசிப்பவர்கள் ‘லிக்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஏழெட்டு அல்லது பத்துப் பன்னிரண்டு சுரங்கள் கொண்ட ஒரு சின்னத் தொடர். பாட்டு ஓடும்போது நடுவே, அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி கற்பனையாக வாசிக்கிறார்களே, அதற்கு இந்தத் தொடர்கள்தான் கைமுதல். நாம் கதைக்கும்போது வாயில் வந்து விழும் சொற்களைப் போல. முதலில் இன்னொருவருடையதைக் கேட்டு எடுக்க வேண்டும். பிறகு வேறு சுருதிக்கு மாற்றி, தாளத்தில் அரை அடி தள்ளித் தொடங்கி, நடுவில் ஒன்றை நீக்கி இரண்டைச் சேர்த்து, அதை எங்களுடையதாக ஆக்க வேண்டும்.

செல்வினும் நானும் பதினெட்டு வயதில் இதைத் தொடங்கினோம். அவன் வீடு கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில். அவனுடைய தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். ஒரு கப்பற்காரன் அவருக்கு ஒரு கசெட் கொடுத்திருந்தான். வாசித்தவர் பெயரோ பாட்டின் பெயரோ இல்லை. மேலே நீலப் பேனையால் ‘ஜாஸ் 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஜாஸ் 1 எந்தக் கடலில் போனதோ தெரியாது.

எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. கல்யாண வீட்டுப் பாட்டு வாசிப்பவர்கள் கொட்டாஞ்சேனையில் நிறையப் பேர் இருந்தார்கள். ஜாஸ் என்றால் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே கசெட்டை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடித்தோம். ஒரு சுரத்துக்காக ஒரு பின்னேரம் முழுக்கப் போனதுண்டு. செல்வினுக்குக் காது கூர்மை. எனக்கு விரல் வேகம். அவன் வாயால் பாடிக் காட்டுவான், நான் கிற்றாரில் தேடி எடுப்பேன்.

அந்தக் கசெட்டின் முதல் பக்கத்தில் கடைசியாக ஒரு கிற்றார் வாசிப்பு. அதில் ஒரு தொடர் எட்டுச் சுரம் ஏறி வந்து, உச்சியில் நிற்கும்போது கசெட் முடிந்துவிடும். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மற்றப் பக்கத்தில் வேறு பாட்டு. எங்களுக்கு அதுவும் வாசித்தவருடைய நுட்பம் என்றே பட்டது. பெரிய மனிதர், சட்டென்று நிறுத்துகிறார், இதுதான் ஜாஸ் போலும் என்று நாங்களும் பக்தியோடு எட்டாவது சுரத்தில் நிறுத்தப் பழகினோம்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பகல் கல்யாணம். செல்வின் அப்போது சேர்ந்திருந்த கல்யாணப் பாட்டுக் குழு வாசித்தது, நானும் போயிருந்தேன். மெதுவான ஒரு பாட்டின் நடுவில் இருவரும் கண்ணைக் காட்டிக்கொண்டு அந்த லிக்கை எடுத்தோம். குழு முழுவதையும் பழக்கி வைத்திருந்தோம். எட்டாவது சுரத்தில் எல்லோரும் ஒரேயடியாக நிறுத்தினோம். மண்டபம் முழுக்க நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் ஜன்னலைத் திறக்கப் போனார். மாப்பிள்ளையின் தகப்பன் மண்டபக்காரரோடு சண்டைக்கே போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்வின் சிரித்து ஓய்ந்தபிறகு சொன்னான்:

“மச்சான், அந்த மனிசன் அப்பிடி நிப்பாட்டியிருக்க மாட்டான்டா. கசெட்தான் நின்டிருக்கு. மிச்சத்தை நாங்க செய்வம்.”

3

மிச்சத்தைச் செய்ய மூன்று கிழமை எடுத்தது. நான் மேலே ஏற வேண்டும் என்றேன். அவன் இல்லை, ஏறி வந்தவன் இறங்கத்தானே வேண்டும் என்றான். இரண்டு நாள் கதைக்காமலும் இருந்தோம். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. மொத்தம் ஐந்து சுரம். நான்கு அவனுடையவை, இறங்கி வரும். கடைசிச் சுரம் என்னுடையது. அது வர வேண்டிய இடத்துக்கு வராமல் பக்கத்தில் போய் நிற்கும். முதலில் கேட்டபோது அவனுடைய அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, பிழையா என்று கேட்டார். செல்வின் என்னைக் காட்டி, இல்லை, அதுதான் பாலாவின் குணம் என்றான்.

பிறகு அதைப் பன்னிரண்டு சுருதியிலும் பழகினோம். பன்னிரண்டிலும் வராதவரை ஒரு லிக் உன் சொந்தமில்லை என்பது செல்வின் எங்கோ படித்த விதி. சுருதிகளின் பெயர் எனக்கு வாயில் நுழையாததால் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கொட்டாஞ்சேனையில் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவதாகப் பன்னிரண்டு பஸ் தரிப்பிடங்களை வைத்துக்கொண்டோம். முதல் சுருதி கொட்டாஞ்சேனை. இடையில் புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி. கடைசிச் சுருதி வெள்ளவத்தை. “எங்க நிக்கிறாய்?” என்று கேட்பான். கொள்ளுப்பிட்டியில் நெரிசல் என்பேன். அந்தச் சுருதி எனக்கு வரவே வராது. பன்னிரண்டும் கைக்குள் வந்த அன்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: வெள்ளவத்தை வந்தாச்சு.

இன்றைக்கும் யாராவது சுருதி சொன்னால் என் தலைக்குள் ஒரு தரிப்பிடம்தான் வருகிறது. நான் பஸ் ஓட்டப் போனதை அறிந்தபோது செல்வின் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்னொரு நாள் ஞாபகம் இருக்கிறது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொரு சந்தியிலும் நின்ற காலம். மத்தியான வெயிலில் எங்களை இறக்கி, கிற்றார் பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன என்று இராணுவச் சிப்பாய் கேட்டார். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று இருந்தது. அதை அவர் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பெயரே அப்போது ஒருவனைப் பிடித்துவைக்கப் போதும். செல்வின் பெட்டியைத் திறந்து, கிற்றாரை எடுத்து, தெருவோரத்தில் நின்றபடி அந்த லிக்கை வாசித்தான். எட்டும் ஐந்தும் பதின்மூன்று சுரம், முழுவதாக.

“தவ பாரக் கஹன்ன, மல்லி,” என்றார் சிப்பாய். சிங்களத்தில், இன்னொரு தரம் வாசி தம்பி என்று அர்த்தம். செல்வின் இன்னொரு தரம் வாசித்தான். என் அட்டை என் கைக்கு வந்தது. அந்த வருடமே நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன். செல்வின் போகவில்லை. அம்மாவை விட்டுவிட்டு எப்படி என்றான். துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்துகொண்டு, பின்னேரங்களில் கிற்றார் படிப்பித்துக்கொண்டு, அதே ஒழுங்கையில் இருந்துவிட்டான்.

4

இங்கே நூலகத்தின் நிலவறையில் வியாழக்கிழமைகளில் ஒரு ஜாஸ் குழு கூடும். எல்லோரும் என்னைவிட வயது கூடியவர்கள். பியானோ வாசிப்பவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவரை நாங்கள் வைத்தியர் என்றே கூப்பிடுகிறோம். வேலை மாறி, வீடு மாறி, பிள்ளை பிறந்து, ஒரு மாதிரி நிமிர்ந்தபிறகு கிற்றாரோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் என் முறை வந்ததும் எங்கள் லிக்கை வாசித்தேன். கடைசிச் சுரத்தில் வைத்தியர் தலையை நிமிர்த்தி ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார்.

வெளிநாட்டில் கடைசிவரை பிடிபடாத மொழி புருவம். நோர்வேஜிய மொழிப் பரீட்சையில் நல்ல புள்ளிதான் எடுத்தேன். ஆனால் ஒரு புருவம் உயர்ந்தால் அது மெச்சலா, ஏளனமா, வெறும் பழக்கமா என்று இன்றைக்கும் தெரியாது. தெரியாதபோது ஏளனம் என்றே எடுத்துக்கொள்வேன். நம்மில் பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். அந்தப் புருவத்துக்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அந்த முடிவை வாசிக்க வெட்கமாக இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னர் நத்தார் விடுமுறைக்கு மகன் ஆரன் ஒஸ்லோவில் இருந்து வந்திருந்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது. தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வான். அதுவும் ஒரு சொல்லில். நான் வரவேற்பறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் என்ன பாட்டு என்று கேட்டான். அவனாக என்னிடம் ஒன்றைக் கேட்டு எத்தனையோ மாதம். கசெட் கதை முழுவதையும் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டி, எட்டுச் சுரத்தையும் வாயால் பாடச் சொன்னான். நான் பாடினேன். மூன்றாவது முறையில் அது அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

கசெட் நின்ற இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை முப்பது வருடம் கழித்து, என் மகனின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கேட்டேன். அந்த மனிதர் நிறுத்தவில்லை. இறங்கவும் இல்லை. மேலும் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வர வேண்டிய இடத்தில் அழகாக வந்து நின்றார். எங்கள் முடிவு அதற்குக் கிட்டவும் இல்லை. ஆரனும் நானும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். அவனோடு நான் சந்தோஷமாகக் கழித்த மணித்தியாலங்களை எண்ணினால் அது முதல் வரிசையில் வரும். அதனால்தான் இதைப் பற்றி எனக்கு முழுமையாக வருந்தவும் முடியவில்லை.

உடனே செல்வினுக்கு எடுத்தேன்.

“மச்சான், நாங்க முப்பது வருசமாப் பிழையா வாசிச்சிருக்கிறமடா. சரியான முடிவு கிடைச்சிட்டுது.”

மறுமுனையில் கோயில் மணி கேட்டது. அனுப்பு, பார்ப்போம் என்றான். அனுப்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கதைத்தோம். பிரஷர், சீனி, ஷெரினின் படிப்பு, பெற்றோல் வரிசை எல்லாம் கதைத்தோம். அந்த லிக்கைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ‘பிழை’ என்ற சொல்லை எவ்வளவு குதூகலமாகச் சொன்னேன் என்பது இப்போதுதான் காதில் கேட்கிறது.

நான் என்ன செய்தேன் என்றால், கையைத் திருத்தினேன். விரல் பழைய முடிவுக்குப் போனால் நிறுத்துவேன். முதலில் இருந்து தொடங்குவேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னர் அரை மணித்தியாலம், ஆறு மாதம். பழகியதை மறப்பதற்கும் பயிற்சி வேண்டும், அதில் புலம்பெயர்ந்தவன் தேர்ந்தவன். ஆறு மாதத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். அடுத்த வியாழன் வைத்தியர் புருவத்தை உயர்த்தவில்லை. சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

5

செல்வின் போன வருடம் வைகாசியில் காலமானான். பின்னேர வகுப்புக்குக் கிற்றாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

என் கடவுச்சீட்டு அப்போது காலாவதியாகி இருந்தது. புதியதற்கு ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு திகதி தந்திருந்தார்கள். அவசரமாகக் கேட்கலாம் என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் ‘இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு’ என்று ஒரு கேள்வி. கீழே துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்று கட்டங்கள். ‘வேறு’ என்ற கட்டத்தில் நண்பன் என்று எழுதினேன். கடவுச்சீட்டு அலுவலகக் கருமபீடத்தில் இருந்த பெண் அன்பானவள். மெல்லிய குரலில் வருத்தம் தெரிவித்தாள். நண்பருக்கு இந்தப் படிவம் செல்லாது என்பதையும் அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

உடன்பிறந்தோர் என்று ஒரு புள்ளடி போட்டிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் படிவம் நிரப்பி நிரப்பி நான் உண்மை பேசுகிறவனாகிவிட்டேன். செல்வினின் செத்தவீட்டை பஸ் நிலையத்து ஓய்வறையில் கைத்தொலைபேசியில் பார்த்தேன். இரண்டு தரம் படம் உறைந்து நின்றது.

6

ஷெரினின் செய்திக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தேடினேன். எட்டுச் சுரம் வாசிப்பேன். பிறகு கை தானாகவே சரியான முடிவுக்குப் போகும். திருத்தியவன் நன்றாகத்தான் திருத்தியிருந்தான். ஐந்து சுரம் என்று தெரியும். நான்கு இறங்கும் என்று தெரியும். கடைசியில் சின்ன விரல் என்றும் தெரியும். அந்த ஐந்தைப் பற்றி எல்லாம் தெரியும், அவற்றைத் தவிர. எத்தனையோ விதமாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாமே இருக்கக்கூடும் போலவும் இருந்தது, எதுவுமே இல்லை போலவும் இருந்தது. செல்வினின் நான்கை மறந்ததற்கு ஒரு சாட்டு இருக்கிறது. என்னுடைய ஒன்றையும் அல்லவா மறந்திருந்தேன்.

ஆரனுக்கு எடுத்துக் கேட்டேன். அன்றைக்கு நீ தொலைபேசியைப் பிடிக்க முன்னர் நான் முழுதாக வாசித்தேனே, அது எங்கேயாவது பதிவாகியிருக்குமா என்றேன்.

“இல்லை அப்பா,” என்றான், அபூர்வமாகத் தமிழில். “அது கேக்கும். ஆனா வச்சிருக்காது.”

பிறகு, அது முக்கியமா என்று கேட்டான். இல்லை, சும்மா என்றேன்.

வியாழக்கிழமை வைத்தியரிடம் போனேன். நான் முன்னர் வாசித்த முடிவு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சுரங்கள் ஞாபகம் இல்லை, ஆனால் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது என்றார். அப்படி ஒன்றைத் தான் வேறு எங்கும் கேட்டதில்லையாம். அது ஏன் திடீரென்று காணாமல் போனது என்று பல தடவை கேட்க நினைத்தாராம். என் தனிப்பட்ட விஷயமாக இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

அன்றைக்கு நான் வாசிக்கவில்லை. மழைச் சட்டையைக் கொழுவியில் இருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. செல்வின் வாசித்தது ஏதாவது பதிவில் இருக்கிறதா என்று ஷெரினைக் கேட்டேன். டடியின் பழைய கைத்தொலைபேசி ஒன்று ஓடாமல் கிடக்கிறது, அதில் நிறையப் பதிவுகள் வைத்திருந்தார், திருத்தக் கொடுத்திருக்கிறது என்றாள். எனக்கு உயிர் வந்தது.

7

பிறந்த மண்ணுக்குப் போக இணையத்தில் அனுமதி எடுத்தேன். பயணத்தின் நோக்கம்: சுற்றுலா. விமான நிலையத்தில் இருந்து வந்த கார்ச் சாரதி சிங்களத்தில் கேட்டதற்கு என் வாயில் நோர்வேஜிய மொழியில் ‘ஆம்’ வந்தது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

செல்வினின் வீடு அப்படியே இருந்தது. கூடத்தில் அவனுடைய படம், அதற்கு ஒரு சின்னச் சிவப்பு மின்விளக்கு. அவனுடைய மனைவி ஜெனிற்றா தேநீரை என் கையில் தந்துவிட்டு எதிரில் இருந்தாள். செத்தவீட்டுக்கு வராததைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கைத்தொலைபேசி திருத்தி வந்திருந்தது. ஷெரின் பதிவுகளின் பட்டியலை எடுத்துத் தந்தாள். அறுபதுக்கு மேல் இருந்தன. பாதி மாணவர்களுக்கான பாடங்கள். ஆறு வருடத்துக்கு முந்தியது ஒன்றும் இல்லை; அந்தத் தொலைபேசியை அவன் வாங்கியதே அப்போதுதானாம். நான் முதலாவதை அமுக்கினேன்.

எட்டுச் சுரம். கசெட் நின்ற இடம். அதற்குப் பிறகு ஒரே ஒரு சுரம் கீழே வந்தது. உடனே நிறுத்தினான். “ச்சே” என்றான். மறுபடி எட்டு. மறுபடி அந்தச் சுரம். மறுபடி நிறுத்தினான். பழைய முடிவுக்குப் போகும் விரலை அவனும் என்னைப் போலவே தடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த பதிவில் சரியான முடிவைத் தட்டுத் தடுமாறி வாசித்தான். அதற்கடுத்ததில் கொஞ்சம் பரவாயில்லை. என்னைப்போல ஆறு மாதத்தில் அவனுக்கு வரவில்லை. ஐம்பது தாண்டிய விரல். சீனி வருத்தத்தால் நுனி மரத்துப்போயிருந்தது என்று ஜெனிற்றா சொன்னாள். வேலையால் வந்து, முகம் கழுவி, தேநீர்கூடக் குடிக்காமல் இதைத்தான் வைத்துக்கொண்டு இருப்பாராம். என்ன இது ஓயாமல் ஒன்றையே என்று கேட்டால், பாலா வரும்போது பிழையாக வாசித்து வெட்கப்படக் கூடாது என்பாராம்.

எல்லாப் பதிவையும் கேட்டேன். எங்கேயாவது ஒன்றில் கை தவறி ஐந்தும் வந்திருக்காதா என்று கேட்டேன். வரவில்லை. முதல் சுரத்துக்கு மேல் அவன் ஒருபோதும் போகவில்லை. செல்வின் கெட்டிக்காரன்.

கடைசிப் பதிவு இறப்பதற்கு இரண்டு கிழமைக்கு முந்தியது. சரியான முடிவோடு, பன்னிரண்டு சுருதியிலும், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பிழை இல்லாமல். கொள்ளுப்பிட்டிகூடத் தடங்கல் இல்லாமல் போனது. முடிந்ததும் கிற்றாரைக் கீழே வைக்கும் சத்தம். மூச்சு வாங்கியது. பிறகு எனக்கென்று சொன்னான். அனுப்ப நினைத்து எடுத்திருக்கிறான். ஏன் அனுப்பவில்லையோ தெரியாது.

“பாலா, வெள்ளவத்தை வந்திட்டன் மச்சான். நீ எப்ப வாறாய்?”

ஷெரின் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அது விளங்கவில்லை. டடி ஏன் வெள்ளவத்தைக்குப் போனார் என்று கேட்டாள். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

8

வருசப் பூசை காலையில். கோயில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். பாதிப் பேர் அவனிடம் கிற்றார் பழகியவர்கள். பூசை வைத்த சுவாமி அவன் பெயரை வாசித்தபோது ஜெனிற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் ஒழுங்கைக்குள் வந்தோம். கூடத்தில் கதிரைகள் போட்டிருந்தன. செபமாலை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னர், ஷெரின் தகப்பனின் கிற்றாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இது பாலா அங்கிள், டடியும் இவரும் சின்ன வயதில் செய்த ஒன்றை இப்போது வாசிப்பார் என்று எல்லோருக்கும் சொன்னாள்.

சரியான முடிவை வாசித்திருக்கலாம். செல்வின் எனக்காக அதைத்தான் அத்தனை வருடம் தயார்படுத்தி வைத்திருந்தான். ஆறு வருடமாக வீட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது அதுதான், கூடத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஜெனிற்றா அழுதிருப்பாள், சோறு பரிமாறியிருப்பார்கள். ஆனால் அந்த முடிவு பெயர் தெரியாத கப்பற்காரன் கொடுத்த கசெட்டில் இருந்த ஒரு மனிதருடையது. ஷெரின் கேட்டது நாங்கள் செய்ததை.

எட்டுச் சுரமும் வாசித்தேன். பதிவில் கேட்ட அந்த ஒன்பதாவது சுரத்தையும், செல்வினுடையதை, வாசித்தேன். அதோடு கை வேறு வழியில் ஏறப் பார்த்தது. உள்ளங்கையால் தந்திகளை அமுக்கி நிறுத்திவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு வயதானவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் பார்த்தார்கள். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஷெரின் குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

“மிச்சம், அங்கிள்?”

“மறந்திட்டன் பிள்ளை,” என்றேன். “உன்ட டடியையும் மறக்கப் பண்ணிட்டன்.”